இந்த வாரம் எத்தனை மீட்டர் ஓடியது? கல்லூரி சாஃப்ட்வேர் புராஜெக்ட்டுக்கு முன்னேற்ற அறிக்கை எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

சோமனூர், பல்லடம் பக்கம் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறிக் கூடங்கள் நிறைய. ஜவுளி வியாபாரி பாவும் ஊடை நூலும் கொடுப்பார். தறிக்காரர் காடாத் துணியாக நெய்து கொடுத்து, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். அங்கே போய் "வேலை எந்த அளவில் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "எண்பது சதவீதம் முடிந்தது" என்று பதில் வராது. இத்தனை மீட்டர் ஓடியிருக்கிறது, நேற்று மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை, நெய்த துணி அதோ இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்பார்கள்.

மாணவர்கள் வாராவாரம் கைடிடம் (புராஜெக்ட்டை வழிநடத்தும் ஆசிரியரிடம்) கொடுக்கும் முன்னேற்ற அறிக்கையும் அப்படித்தான் இருக்க வேண்டும். என்ன முடிந்தது, அது எங்கே இருக்கிறது, எது தடுத்தது. இதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை பெரியது. இறுதியாண்டில் எங்கள் குழு ஆறு வாரம் தொடர்ந்து 80, 85, 90 என்று சதவீதம் எழுதிக் கொடுத்தது. பொய் எழுத வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. உண்மையிலேயே அவ்வளவு முடிந்ததாகத்தான் நம்பினோம். இரண்டாம் ரிவியூவுக்கு (ஆசிரியர்கள் புராஜெக்ட்டை மதிப்பிடும் நாளுக்கு) முந்தைய இரவு நான்கு பேர் எழுதியதையும் ஒன்றாகச் சேர்த்தபோது, எதுவும் எதோடும் பேசவில்லை. டெய்லர் ஒவ்வொருவருக்கும் கொடுத்த எண்ணை என் பகுதி எழுத்தாக வைத்திருந்தது, நண்பனின் பகுதி அதையே எண்ணாக எதிர்பார்த்தது. அறிக்கையில் ஒரு வரி சரியாக எழுதியிருந்தால் நான்காம் வாரமே தெரிந்திருக்கும். இப்போது கோவையில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். மாணவர்களின் அறிக்கைகளைப் படிக்கும் வாய்ப்பும் கிடைக்கிறது. பெரும்பாலானவற்றில் அதே சதவீதம்தான்.

விளக்குவதற்காக ஒரு புராஜெக்ட்டை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு சிறிய தையல் யூனிட். கட்டிங் முடிந்த துணி 25 பீஸ் கொண்ட பண்டிலாக வருகிறது. ஓவர்லாக், பிளாட்லாக் (இரண்டும் தையல் வகைகள்), செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று கைமாறுகிறது. யார் எத்தனை பண்டில் தைத்தார்கள் என்று நோட்டில் எழுதி, சனிக்கிழமை பீஸ் ரேட் கணக்கில் கூலி போடுகிறார்கள். ஒவ்வொரு பண்டிலிலும் கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டி, போனில் ஸ்கேன் செய்து, கூலிக் கணக்கைத் தானாகப் போடுவதுதான் புராஜெக்ட். குழுவில் நான்கு பேர்.

முதல் அறிக்கைக்கு முன்பே செய்ய வேண்டியது

திட்டம் இல்லாவிட்டால் முன்னேற்றத்தை அளக்க முடியாது. "லாகின் மாட்யூல், ஸ்கேன் மாட்யூல், கூலி மாட்யூல், ரிப்போர்ட் மாட்யூல்" என்று நான்கு வரி எழுதுவது திட்டம் ஆகாது. ஒருவர் இரண்டு மூன்று நாளில் முடிக்கக்கூடிய அளவுக்கு வேலையை நறுக்க வேண்டும். நம் புராஜெக்ட்டில் அப்படி 24 வேலைகள் வருவதாக வைத்துக்கொள்வோம்.

ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் "எப்போது முடிந்தது என்று சொல்லலாம்" என்று ஒரு வரி எழுதுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். உதாரணமாக லாகின் வேலைக்கு: சூப்பர்வைசர் தன் போன் நம்பரைப் போட்டு உள்ளே வர முடிகிறது, பதிவில்லாத நம்பருக்குச் சரியான செய்தி வருகிறது, எழுதியவர் அல்லாத இன்னொருவர் இரண்டையும் சோதித்துவிட்டார், கோடு (நிரல்) மெயின் பிராஞ்ச்சில், அதாவது குழுவின் பொதுப் பிரதியில், சேர்ந்துவிட்டது. இந்த நான்கும் நடந்தால்தான் முடிந்தது. மூன்று நடந்திருந்தால் முடியவில்லை.

புராஜெக்ட் மேலாண்மையில் இதை 0-100 முறை என்பார்கள். வேலை முழுதாக முடியும் வரை அதற்கு மதிப்பெண் பூஜ்யம், முடிந்ததும் நூறு. தொடங்கியதும் பாதி, முடிந்ததும் மீதி என்று கொடுக்கும் 50-50 முறையும் உண்டு. மாணவர் குழுவுக்கு 0-100 தான் சரி என்பது என் கருத்து. 50-50 முறையில் எல்லாவற்றையும் தொடங்கி வைத்துவிட்டு எதையும் முடிக்காமலேயே அழகான எண் காட்டிவிடலாம்.

நாள் கணக்குப் போடும்போது ஊர் நாட்காட்டியையும் பக்கத்தில் வையுங்கள். எட்டாவது செமஸ்டர் புராஜெக்ட் என்றால் தொடக்கத்திலேயே பொங்கல் வந்துவிடும். ஊருக்குப் போன டெய்லர்கள் திரும்பி வரும் வரை யூனிட்டில் போய்ச் சோதித்துப் பார்க்க முடியாது. அடுத்து தைப்பூசம், குழுவில் ஒருவராவது பழநிக்குப் பாதயாத்திரை போவார். அப்புறம் ஊர் மாரியம்மன் நோம்பி, இன்டர்னல் தேர்வு, பிளேஸ்மென்ட். இவை திடீரென்று வருபவை அல்ல. முதல் நாளே திட்டத்தில் அந்த நாட்களை அடித்துவிட்டால், பிறகு அறிக்கையில் "விடுமுறையால் தாமதம்" என்று எழுத வேண்டி வராது.

கல்லூரிகள் காண்ட் சார்ட் கேட்கும். ஹென்றி காண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் நூறாண்டுக்கு முன் பரப்பிய பட்டை வரைபடம் அது. வரைந்து கொடுங்கள். ஆனால் வேலை தள்ளிப்போகும்போது பழைய பட்டையை அழித்துப் புதிதாக வரையாதீர்கள். திட்டமிட்டது ஒரு நிறம், நடந்தது அதன் கீழே இன்னொரு நிறம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அந்தப் படத்தால் பயன்.

தினமும் மூன்று வரி

வெள்ளிக்கிழமை மாலை ஹாஸ்டலில் உட்கார்ந்து "திங்கட்கிழமை என்ன செய்தோம்?" என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வராது. அதனால் ஒவ்வொருவரும் தினமும் மூன்று வரி எழுத வேண்டும்: இன்று செய்தது, மாட்டிக்கொண்டது, நாளை செய்யப்போவது. நோட்டிலோ வாட்ஸாப் குழுவிலோ எழுதலாம். வேலை செய்யாத நாளில் "இன்று தொடவில்லை" என்று எழுதுங்கள்.

கோடு பக்கம் இந்த நாட்குறிப்பை கிட் உங்களுக்காக எழுதி வைக்கும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக உருவாக்கிய கருவி அது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்பது அதில் நிற்கும். ஒவ்வொரு மாற்றத்தையும் அதில் சேமிப்பதுதான் கமிட்; அப்போது நீங்கள் எழுதும் கமிட் செய்தி உருப்படியாக இருந்தால்தான் அது உதவும். "அப்டேட்", "ஃபைனல்", "ஃபைனல் 2" என்று இருந்தால் உங்களுக்கே புரியாது. "ஒரே பண்டிலை இரண்டாம் முறை ஸ்கேன் செய்தால் தடுக்கிறது" என்று எழுதினால், அந்த வரியை அப்படியே அறிக்கைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நான்கு பேருக்கு ஒரே லேப்டாப் உள்ள குழுக்கள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன. எல்லா கமிட்டும் ஒருவர் பெயரில் விழுந்து, மற்ற மூவரும் வேலை செய்யாதவர்கள் போல ரிவியூவில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன், மனது வலிக்கும். கமிட் செய்தியின் கடைசியில் "கோ-ஆத்தர்ட்-பை" (Co-authored-by) வரியைச் சேர்த்து, உடன் உட்கார்ந்தவரின் பெயரும் மின்னஞ்சலும் கொடுத்தால், கோடை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளம் அந்த கமிட்டை இருவர் பெயரிலும் காட்டும்.

வியாழன் மாலை அரை மணி நேரம்

அறிக்கை வெள்ளிக்கிழமை போக வேண்டும் என்றால் வியாழக்கிழமையே கூடுங்கள். சென்ற வார அறிக்கையின் கடைசிப் பத்தியை, அதாவது "அடுத்த வாரம் செய்யப்போவது" என்ற பத்தியை, முதலில் உரக்கப் படியுங்கள். அதில் சொன்ன ஒவ்வொன்றுக்கும் முடிந்தது, முடியவில்லை என்று ஒரே பதில்தான். "கிட்டத்தட்ட" என்ற சொல்லுக்கு இடம் கொடுக்காதீர்கள். அப்புறம் சென்ற வாரத் தேதியிலிருந்து கிட் லாக் (கமிட்களின் பட்டியல்) எடுத்துப் பார்த்தால், திட்டத்தில் இல்லாமல் செய்த வேலைகளும் தெரியும். அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்ற வாரக் கடைசிப் பத்தி இந்த வார முதல் பத்தியாக வந்து சேர வேண்டும். இந்தக் கண்ணி அறுந்த அறிக்கையில் ஒவ்வொரு வாரமும் புதுக்கதைதான் இருக்கும்.

எழுதும்போது: முடிந்த வேலை

"ஸ்கேனிங் மாட்யூலில் பணிபுரிந்தோம்" என்ற வாக்கியம் எதையும் சொல்லவில்லை. என்ன செய்ய முடிகிறது என்று சொல்லுங்கள்: "செக்கிங் மேஜையில் இருப்பவர் பண்டிலை ஸ்கேன் செய்தால், பண்டில் எண், தைத்தவர், பீஸ் எண்ணிக்கை மூன்றும் இரண்டு வினாடிக்குள் திரையில் வருகின்றன." அடுத்த வரியில் சான்று: கமிட் எண், டெஸ்ட் முடிவு, அல்லது ஒரு ஸ்கிரீன்ஷாட். ஸ்கிரீன்ஷாட் ஒன்று போதும். எட்டு பக்க அறிக்கையில் ஆறு பக்கம் லாகின் திரையின் படம் என்றால் படிப்பவருக்குச் சந்தேகம்தான் வரும்.

படிப்பதிலும் தேடுவதிலும் மட்டுமே போகும் வாரங்களும் உண்டு. அந்த வாரத்தில் "கியூஆர் பற்றி ஆய்வு செய்தோம்" என்று எழுதாமல், அதனால் என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்று எழுதுங்கள். "இரண்டு ஸ்கேனிங் லைப்ரரிகளை (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்களை) ஒரே 40 ஸ்டிக்கரில், தையல் மெஷின் பக்கத்து வெளிச்சத்தில், யூனிட்டில் இருந்த பழைய போனிலேயே சோதித்தோம். ஒன்று 37 படித்தது, மற்றது 29. முதலாவதை எடுத்துக்கொண்டோம்." ஒரு வாரப் படிப்பு இப்படி மூன்று வரியில் கண்ணுக்குத் தெரியும் வேலையாகிவிடும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்ற கேள்விக்கும் பதில் தயார்.

சிறிய முடிவுகளையும் விடாதீர்கள். பீஸ் ரேட் 1 ரூபாய் 35 பைசா. இதைத் தசம எண்ணாக ஃப்ளோட்டில் வைத்தால் கணினி அதைத் துல்லியமாக வைத்துக்கொள்ளாது; திரும்பத் திரும்பக் கூட்டும்போது பைசா சறுக்கலாம். அதனால் எல்லாத் தொகையையும் பைசாவாக, முழு எண்ணாக, 135 என்று வைக்கிறீர்கள். அறிக்கையில் ஒரு வரிதான். அந்த வரியைப் பார்த்ததும் இந்தக் குழு யோசித்து வேலை செய்கிறது என்று கைடுக்குப் புரியும்.

எழுதும்போது: முடியாத வேலையும் பிரச்சினையும்

மாணவர்கள் அதிகம் பயப்படும் பகுதி இது. அறிக்கையில் ஆகப் பெரிய பயன் தரும் பகுதியும் இதுதான். பிரச்சினையை எழுதினால் மார்க் குறையும் என்று பயப்படுகிறார்கள். மூன்றாம் வாரம் சொன்ன பிரச்சினைக்குக் கைடு உதவி செய்வார். பத்தாம் வாரம் வெளிவரும் அதே பிரச்சினைக்கு அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பிரச்சினையை எழுதும்போது நான்கு கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, அதனால் எது பாதிக்கிறது, நாங்கள் என்ன செய்தோம் அல்லது எங்களுக்கு என்ன வேண்டும். "நெட்வொர்க் பிரச்சினை உள்ளது" என்று எழுதினால் இதில் ஒன்றுக்கும் பதில் இல்லை. அதையே இப்படி எழுதலாம்:

"யூனிட்டின் பின்பக்க ஷெட்டில் சிக்னல் விட்டு விட்டு வருகிறது. ஸ்கேன் செய்தது சர்வருக்குப் போய்விட்டது, ஆனால் பதில் திரும்பி வருவதற்குள் இணைப்பு அறுகிறது. ஆப் மறுபடியும் அனுப்புகிறது. ஒரே பண்டில் இரண்டு முறை பதிவாகிறது. 12 பண்டில், 300 பீஸுக்கு 405 ரூபாய் வர வேண்டிய டெய்லருக்கு 438 ரூபாய் 75 பைசா என்று காட்டியது. பண்டில் எண், வேலை எண் (ஓவர்லாக், பிளாட்லாக் போன்ற வேலைக்கு உரியது) இரண்டும் சேர்ந்து ஒரு முறைதான் வர வேண்டும் என்று டேட்டாபேஸில் கட்டுப்பாடு போட்டிருக்கிறோம். இரட்டைப் பதிவு நின்றுவிட்டது. சிக்னல் இல்லாதபோது போனிலேயே சேமித்துப் பிறகு அனுப்பும் வேலை இன்னும் தொடங்கவில்லை. அதற்குக் கூடுதலாக மூன்று நாள் தேவை."

இதைப் படித்த எந்த கைடும் திட்டமாட்டார். மூன்று நாளை எங்கிருந்து எடுப்பது என்று உங்களோடு சேர்ந்து யோசிப்பார்.

தாமதத்துக்கு ஒருவர் பெயரைக் குறிப்பிட்டுக் குற்றம் சாட்டாதீர்கள். "அவன் முடிக்கவில்லை" என்று அறிக்கையில் எழுதிய பிறகு, அந்த நான்கு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை செய்வது கஷ்டம். வேலையின் பெயரைச் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள், புதிய தேதியைச் சொல்லுங்கள். ஒருவர் தொடர்ந்து வராமலே இருந்தால் அதைக் கைடிடம் நேரில் பேச வேண்டும்.

தேவை மாறும்போது

உண்மையான ஆட்களுக்குச் செய்யும் புராஜெக்ட்டில் இது நடந்தே தீரும். யூனிட்டில் ஆப்பைக் காட்டும்போது முதலாளி கேட்பார்: "ஏனுங்க தம்பி, டெய்லர் ஒருத்தரு மத்தியானமே ஊருக்குப் போயிட்டாருன்னா மீதி பீஸ வேறொருத்தரு தைப்பாருங்க. அப்ப கூலிய யாருக்குப் போடுமுங்க உங்க ஆப்பு?" நியாயமான கேள்வி. உங்கள் டேட்டாபேஸில் ஒரு பண்டிலுக்கு ஒரு டெய்லர்தான்.

அவசரப்பட்டு அன்று இரவே கோடை மாற்றாதீர்கள். யார், எந்தத் தேதியில் கேட்டார்கள், எதை மாற்ற வேண்டும், எத்தனை நாள் ஆகும், அதற்காக எதை விட வேண்டும் என்று அந்த வார அறிக்கையில் எழுதி, கைடின் ஒப்புதலைக் கேளுங்கள். ஒப்புதல் வந்ததும் எஸ்ஆர்எஸ் ஆவணத்தையும் (ஆப் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிய தேவைகள் ஆவணம்) திருத்திப் பதிப்பு எண்ணை மாற்றுங்கள். இல்லாவிட்டால் கடைசி ரிவியூவில் ஆவணம் ஒன்று சொல்லும், ஆப் வேறொன்று செய்யும்.

எண்கள்

சில எண்கள் போதும், ஒவ்வொரு வாரமும் அதே எண்கள். 24 வேலைகளில் எத்தனை முடிந்தன, திட்டப்படி எத்தனை முடிந்திருக்க வேண்டும், டெஸ்ட் கேஸ் (ஆப்பைச் சோதிக்க எழுதும் ஒவ்வொரு சோதனை) எத்தனை எழுதினோம், எத்தனை தேறின, திறந்திருக்கும் பக் (இன்னும் சரிசெய்யாத பிழை) எத்தனை. கமிட் எண்ணிக்கையையும் கோடு வரிகளின் எண்ணிக்கையையும் முன்னேற்றத்தின் அளவாகக் காட்ட வேண்டாம். வேண்டாத 200 வரியை நீக்கிய நாள் நல்ல வேலை நடந்த நாளாக இருக்கலாம்.

ஒரு மாதிரி அறிக்கை

எல்லாம் சேர்ந்து ஒரே பக்கத்துக்குள் அடங்க வேண்டும்.

வாரம் 6. புராஜெக்ட்: பண்டில் ஸ்கேன், பீஸ் ரேட் கூலிக் கணக்கு.

நிலை: 24 வேலைகளில் 10 முடிந்தன. திட்டப்படி 12 முடிந்திருக்க வேண்டும். இரண்டு வேலை பின்தங்கியிருக்கிறோம். இரண்டாம் ரிவியூ தேதிக்குள் ஈடுகட்ட முடியும்.

சென்ற வாரம் சொன்னவை மூன்று: பண்டில் ஸ்கேன், முடிந்தது. கூலிக் கணக்கு ஃபார்முலா, முடிந்தது. யூனிட்டின் நோட்டில் உள்ள ஒரு வாரக் கணக்கோடு ஒப்பிட்டதில் எல்லா டெய்லருக்கும் பைசா வரை சரியாக வந்தது. சனிக்கிழமைக் கூலிப் பட்டியல் அச்சிடுவது, முடியவில்லை. இரட்டைப் பதிவைச் சரிசெய்ய நாட்கள் போய்விட்டன.

சோதனை: 31 டெஸ்ட் கேஸில் 28 தேறின. தேறாத மூன்றும் சிக்னல் இல்லாத நிலை பற்றியவை.

பிரச்சினை: சிக்னல் இல்லாதபோது ஸ்கேன் தொலைகிறது. போனில் சேமிக்கும் வசதிக்கு மூன்று நாள் வேண்டும். அதற்காக வரைபட டாஷ்போர்டைக் கடைசிக்குத் தள்ளலாமா என்று உங்கள் முடிவைக் கேட்கிறோம்.

யார் என்ன செய்தார்கள்: உறுப்பினர் 1, ஸ்கேன் திரை. உறுப்பினர் 2, கூலிக் கணக்கு. உறுப்பினர் 3, டேட்டாபேஸ் கட்டுப்பாடு. உறுப்பினர் 4, டெஸ்ட் கேஸ், யூனிட்டில் நேரடிச் சோதனை.

அடுத்த வாரம்: கூலிப் பட்டியல் அச்சிடுதல் (உறுப்பினர் 2), போனில் சேமித்தல் (1, 3), அயர்னிங் பிரிவு ஸ்கேன் (4).

இதில் "நிலை" என்ற பத்தியைக் கடைசியாக எழுதி முதலில் வையுங்கள். கைடுக்கு ஒரு நிமிடம்தான் இருந்தாலும் அதைப் படித்தால் போதும்.

மொழி

அறிக்கையை ஆங்கிலத்தில்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். வீட்டில் முதல் பட்டதாரியாகத் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் பெரிய பெரிய வாக்கியங்களை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அது வேண்டாம். முதலில் தமிழில் எழுதுங்கள். உங்கள் அப்பாவிடமோ யூனிட் சூப்பர்வைசரிடமோ சொல்வது போல எழுதுங்கள். பிறகு வாக்கியம் வாக்கியமாகச் சின்ன ஆங்கிலத்தில் மாற்றுங்கள். யார் செய்தார், என்ன செய்தார் என்பது வாக்கியத்தில் இருந்தால் இலக்கணப் பிழையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றை மொழி திருத்தப் பயன்படுத்தலாம். அறிக்கையையே எழுதச் சொன்னால், செய்யாத சோதனையையும் செய்ததாக அழகாக எழுதிக் கொடுத்துவிடும். கீழே உங்கள் கையெழுத்து இருக்கும். "31 டெஸ்ட் கேஸைக் காட்டு" என்று கைடு கேட்டால் நீங்கள்தான் காட்ட வேண்டும்.

கொடுத்த பிறகு

கைடு சொன்னதை அங்கேயே எழுதிக்கொண்டு, அடுத்த அறிக்கையில் "சென்ற முறை சொன்னவை" என்று ஒரு வரி வைத்துப் பதில் சொல்லுங்கள். முடிவு கேட்ட இடத்தில் அவர் என்ன முடிவு சொன்னார் என்பதைத் தேதியோடு குறியுங்கள். ரிவியூ குழுவில் வேறொரு ஆசிரியர் "டாஷ்போர்டு ஏன் இல்லை?" என்று கேட்கும்போது அந்த வரி உதவும்.

ஒவ்வொரு அறிக்கையின் அச்சுப் பிரதியிலும் கையெழுத்து வாங்கி ஒரே ஃபைலில் வரிசையாகக் கோத்து வையுங்கள். கணினியில் வைக்கும் பிரதியை, கோடு இருக்கும் ரெப்போவிலேயே (கிட்டில் உங்கள் புராஜெக்ட்டின் களஞ்சியத்திலேயே) தனி ஃபோல்டரில் போடுங்கள். செமஸ்டர் முடிவில் பெரிய புராஜெக்ட் புத்தகம் எழுதும்போது சோதனை பற்றிய அத்தியாயத்துக்கும், சந்தித்த சிக்கல்கள் பற்றிய பகுதிக்கும் வேண்டிய எல்லாம் அந்த ஃபைலில் இருக்கும். பைண்டிங் கடைக்குப் போவதற்கு முந்தைய இரவு விழித்திருக்க வேண்டியதில்லை.

யூனிட் முதலாளிக்கும் மாதம் ஒரு முறை அரைப் பக்கத்தில், தமிழில், ஒரு அறிக்கை கொடுங்கள். கல்லூரி அதைக் கேட்காது. ஆனால் தன் நோட்டையும் கூலிக் கணக்கையும் நம்பி உங்கள் கையில் கொடுத்தவர் அவர்.